ஆன்லைன் துப்பாக்கியும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரு பழமொழி உண்டு. அமெரிக்காவில் இணையத்தில் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை. ஊர்க் கடைக்குப் போவார்கள். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், கடைக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்பார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து, 50 டாலர் கம்மி என்று ஏதோ ஒரு தளத்தில் ஆர்டர் போடுவார்கள். கடைசியில் அதே கடைக்காரரிடம் பார்சல் வாங்கப் போய் நின்று, அவர் கேட்கும் கட்டணத்தைப் பார்த்து "பகல் கொள்ளை" என்று புலம்புவார்கள்!

ஏன் அவரிடம் போக வேண்டும்? புத்தகம் மாதிரி வீட்டு வாசலில் வந்து இறங்காதா? இறங்காது. 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வெளிமாநில வியாபாரி துப்பாக்கியை வாங்குகிறவரின் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மத்திய அரசின் உரிமம் பெற்ற ஓர் உள்ளூர் வியாபாரிக்குத்தான் அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் அங்கே நேரில் போய், அடையாள அட்டை காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதன் பிறகு பின்னணிச் சோதனை. எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்தும் உடனடிச் சோதனை முறை இதற்காகத்தான். அதில் தேறினால்தான் பெட்டி கைக்கு வரும்.

சரி, கணக்குக்கு வரலாம். உதாரணத்துக்கு, ஊர்க் கடையில் 550 டாலர், இணையத்தில் 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைய விலையோடு அனுப்பும் செலவு 20. கிரெடிட் கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிற தளம் என்றால் 15. பெட்டியை வாங்கி, பதிவு செய்து கொடுக்க உள்ளூர் வியாபாரிக்கு 40. ஆக மொத்தம் 575. கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் 550-தான். 50 டாலர் லாபம் என்று கிளம்பியவர் 25 டாலர் நஷ்டத்தில் நிற்கிறார். காத்திருந்த நாட்களுக்கு யாரும் வட்டி தரப் போவதில்லை.

"இணையத்தில் வரி கிடையாதே" என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. 2018 ஜூனில், சவுத் டகோட்டா அரசு வேஃபேர் கம்பெனி மீது போட்ட வழக்கில், மாநிலத்துக்குள் கடையே இல்லாத விற்பனையாளரிடமும் விற்பனை வரியை வசூலிக்கச் சொல்லலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முன்பும் பல மாநிலங்களில் வாங்குகிறவர் தானாகவே கட்ட வேண்டிய வரிதான் அது. கட்டாமல் விட்டதை லாபம் என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லித் தருகிற விஷயம் இது. விலை வேறு, அடக்கம் வேறு. பொருள் கைக்கு வந்து சேரும்வரை ஆகிற எல்லாச் செலவும் அடக்கத்தில் சேரும். இந்தச் செலவுகளை "மறைமுகச் செலவு" என்பதே தப்பு. எல்லாம் வெளிப்படையாகத்தான் இருக்கின்றன. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கைப்பிடி கைக்குப் பொருந்தவில்லை, திருப்பித் தரலாம் என்றால்? பதிவு முடிந்து கைமாறிய துப்பாக்கியைப் பல தளங்கள் திரும்ப எடுப்பதில்லை. ஒருமுறை பெயரில் பதிவானால் அது பழைய சரக்கு. கடையிலும் திரும்ப எடுப்பது அபூர்வம்தான். ஆனால் வாங்கும் முன்பே கையில் பிடித்துப் பார்த்திருக்கலாமே!

இணையத்தில் வாங்குவது எப்போதுமே முட்டாள்தனமா? இல்லை. ஊரில் கிடைக்காத மாடல், 200 டாலர் வித்தியாசம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த 40 டாலரைக் கொள்ளை என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்த வியாபாரிக்குப் பொருளில் ஒரு சென்ட் லாபம் கிடையாது. வரவு, பற்று இரண்டையும் பதிவேட்டில் ஏற்றி, படிவத்தைச் சரிபார்த்து, ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துகிறார். தெரிந்தே விதியை மீறினால் உரிமமே போகும். எல்லோரும் இணையத்துக்கே ஓடினால் அவர் கடையை மூடுவார். அப்புறம் பார்சலை யார் வாங்கிக் கொடுப்பது? அடுத்த ஊருக்கு ஆகும் பெட்ரோலையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டியதுதான்.

இந்தக் கூடுதல் செலவு எதுவுமே இல்லாத காலமும் இருந்தது. 1963 மார்ச்சில் சிகாகோவின் கிளெய்ன்ஸ் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைஃபிள் 19.95 டாலர், தபால் செலவு 1.50, மொத்தம் 21.45. பெயர் ஏ. ஹிடெல், முகவரி டல்லாஸில் ஒரு தபால் பெட்டி. நேரில் வரச் சொல்லவில்லை, படிவம் இல்லை, சோதனை இல்லை, இடையில் கமிஷன் கேட்க ஒரு வியாபாரியும் இல்லை. பெயரே பொய். வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அந்த ரைஃபிளால்தான் அவர் நவம்பர் 22-ம் தேதி ஜனாதிபதி கென்னடியைச் சுட்டார் என்று வாரன் கமிஷன் முடிவு செய்தது. 1968 சட்டம் பிறக்க அந்தத் தபால் ஆர்டரும் ஒரு காரணம்.

வாங்கியவருக்கு அது மலிவுதான். செலவு முழுவதும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. இன்று ஊர் வியாபாரி கேட்கும் 40 டாலர், அந்தச் செலவு மறுபடி வராமல் இருக்கக் கொடுக்கும் சுமைகூலி. அதைக் கொடுக்க மனமில்லாதவர் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். பல சமயம் அடக்கமும் அங்கேதான் குறைவு.