தூங்கிய அமைச்சர்களும் தூங்காத கண்ணும்

மாநாடு ஒன்று கூடினால் அதன் முடிவில் குழுப்படம் ஒன்று எடுத்தே தீர வேண்டும் என்பது உலக வழக்கம். பெரியோர் முன்வரிசை நாற்காலிகளில் அமர்வர். ஏனையோர் பின்னால் நிற்பர். சட்டையின் மடிப்பைச் சரிசெய்வர்; கைகளை முழங்கால்மீது வைப்பர்; மூச்சை அடக்குவர். படமெடுப்பவர் கையை உயர்த்தியதும் எல்லா முகங்களும் ஒரே முகமாகிவிடும். பின்னர் அப்படம் சட்டமிடப்பெற்றுச் சுவரில் தொங்கும். அக்கூட்டத்தில் யார் யாரோடு வாதிட்டார், யார் சோர்ந்தார், யார் மனம் மாறினார், யார் மாறாமலே வீடு திரும்பினார் என்பதை அது ஒருநாளும் சொல்லாது.

இவ்வழக்கத்துக்கு மாறாக, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் உயிரைப் படம்பிடிக்க இயலும் என்று உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானியரான எரிக் சாலமன். இத்திங்கள் அவரைப்பற்றிச் சற்றே சிந்திப்போம். ஏனெனில், அவருடைய வாழ்வும் சாவும் நம் அனைவரையும் தொடுகின்ற ஒரு வினாவை எழுப்புகின்றன: பிறரை நாம் எந்த நோக்கத்துடன் பார்க்கிறோம்?

சாலமன் 1886-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் செல்வம் மிக்க யூதக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று முனைவர் பட்டமும் பெற்றார். 1914-இல் மூண்ட உலகப்போரில் படைவீரராகச் சென்று, விரைவிலேயே பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டார். கைதிகளின் முகாம்களில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். போர் முடிந்து வீடு திரும்பியபோது, பண வீக்கம் குடும்பச் செல்வத்தைக் கரைத்துவிட்டிருந்தது. பல தொழில்களை முயன்றார். வாடகைக்கு வண்டி ஓட்டினார். பயணம் செய்வோருக்குச் சட்ட ஆலோசனையும் உண்டு என்று விளம்பரமும் செய்தார்! பின்னர் உல்ஸ்டைன் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவில் அமர்ந்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் காமிராவைக் கையில் எடுத்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அந்நாளில் மண்டபங்களுக்குள் படமெடுப்பது எளிதன்று. மக்னீசியத் தூளைக் கொளுத்த வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஒளியும், புகையும், நாற்றமும் எழும். அவ்வொளி தோன்றிய கணமே அவையில் உள்ளோர் அனைவரும் தம் இயல்பை மறைத்துக்கொள்வர். 1920-களின் நடுவில் டிரெஸ்டன் நகரத்து எர்னமன் நிறுவனம் ‘எர்மனாக்ஸ்’ என்னும் சிறிய காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் வில்லை அக்காலத்துக் காமிராக்களில் காண்பதற்கரிய அளவுக்கு ஒளியை உள்வாங்கும் ஆற்றலுடையது. விளக்கொளி ஒன்றே போதும். ஆயினும் அதற்குள் இடவேண்டியவை கண்ணாடித் தகடுகள். ஒரு படத்திற்கு ஒரு தகடு. மங்கிய ஒளியில் எடுக்கும்போது, பேசுகிறவர் அசையாதிருக்கும் ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே சாலமன் கற்றுக்கொண்ட முதற்கலை பொறுமையே எனலாம். பேச்சாளர் எப்போது நிறுத்துவார், கேட்பவர் எப்போது கன்னத்தில் கையூன்றுவார் என்பதை அவர் முன்கூட்டியே உணரவேண்டியிருந்தது.

இரண்டாவது கலை, அவையோடு அவையாகக் கலந்திருத்தல். சாலமன் மாலை விருந்துக்குரிய முறையான உடையணிந்து செல்வார். பல மொழிகள் பேசுவார். முனைவர் பட்டம் பெற்றவருக்குரிய பெருமித நடை அவரிடம் இருந்தது. வாயிற்காவலர் அவரையும் ஒரு நாட்டின் பிரதிநிதி என்றே எண்ணினர். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கூட்டங்களுக்கும், நாட்டுத் தலைவர்கள் கூடிய பிற மாநாடுகளுக்கும் அவர் இவ்வாறே சென்று வந்தார்.

1928 ஆகஸ்டு 27 அன்று பாரிஸ் மாநகரில் கெல்லாக்–பிரியான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போரை நாட்டுக்கொள்கையின் கருவியாகக் கொள்ளமாட்டோம் என்று பதினைந்து நாடுகள் அன்று உறுதி கூறின. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் நம் நாட்டின் பெயரால் கையெழுத்திட்டவர் பிரித்தானியப் பிரபு ஒருவர்! அந்த மண்டபத்தினுள் சாலமன் நுழைந்தார். போலந்து நாட்டுப் பிரதிநிதிக்குரிய நாற்காலி அவ்வேளை காலியாக இருந்தது. அதில் அமைதியாக அமர்ந்து படமெடுத்தார் என்பர். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1939 செப்டம்பரில், அதே போலந்தின்மீது ஜெர்மனியின் படை பாய்ந்தது. ஒப்பந்தத்தாள் மட்டும் பத்திரமாக இருந்தது.

1930 ஜனவரியில் ஹேக் நகரில் நடந்த மாநாடு, முதல் உலகப்போருக்கு ஈடாக ஜெர்மனி எவ்வளவு பணம் செலுத்த வேண்டும் என்பதைப் பேசி முடிப்பதற்காகக் கூடியது. அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட திட்டத்தின்படி 1988-ஆம் ஆண்டு வரை தவணைகள் நீண்டன. அதாவது, இன்னும் பிறவாத பிள்ளைகளின் தலைமீதும் கடன் சுமத்தப்பட்டது. நள்ளிரவு கடந்தும் பேச்சு முடியவில்லை. சாலமன் அவ்வேளையில் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகிறது. பிரான்சு, ஜெர்மனி நாடுகளின் அமைச்சர்கள் மெத்தை நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கின்றனர். ஒருவர் கண் மூடியிருக்கிறது. மற்றொருவர் தலை தொங்குகிறது. பகை நாட்டார் எனப் பேசப்பட்டவர்கள் ஒரே விளக்கின்கீழ் ஒரே களைப்பில் இருக்கின்றனர். அத்தவணைகளோ இரண்டரை ஆண்டுகளுக்குள்ளேயே, 1932-இல், கைவிடப்பட்டன. அந்தத் திட்டத்தின் விதிகளை இன்று யாரும் படிப்பதில்லை. அந்தக் களைத்த முகங்களை இன்றும் காண்கிறோம்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம். ‘அழைக்காத இடத்திற்குச் சென்று, அறியாதபடி படமெடுப்பது முறையா?’ சாலமன் தடைசெய்யப்பட்ட நீதிமன்றத்துள்ளும் தொப்பிக்குள் காமிராவை ஒளித்து எடுத்துச்சென்றவர். 1932-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலோ, கை முறிந்தவர்போல் கட்டுப் போட்டுக்கொண்டு, அக்கட்டினுள் காமிராவை மறைத்து வைத்திருந்தார். இவற்றையெல்லாம் நாம் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட வேண்டியதில்லை. குற்றக்கூண்டில் நிற்கிறவனுக்கும் மானம் உண்டு. அவன் முகத்தை ஊரார் பார்வைக்கு விற்பது எளிதில் நியாயப்படுத்தக் கூடியதன்று. ஆனால் அரசு நடத்துவோரின் நிலை வேறு. அவர்கள் அந்த அறைக்குள் பேசியது தங்கள் சொந்தக் காரியத்தை அன்று. கோடிக்கணக்கான மக்களின் நன்மை தீமைகளை. தங்கள் பொருட்டுப் பேசுவோர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் காணும் உரிமை அம்மக்களுக்கு உண்டு அன்றோ?

மேலும், சாலமனின் படங்களில் ஏளனம் இல்லை. தூங்குகிறவரை அவர் கேலிப்பொருளாக்கவில்லை. உழைத்துக் களைத்த மனிதராகக் காட்டினார். இதை முதலில் உணர்ந்தவர்கள் படமெடுக்கப்பட்டவர்களே. சாலமன் வராத மாநாடு மாநாடே அன்று என்னும் பேச்சு அவர்களிடையே எழுந்தது. 1931 ஆகஸ்டில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு விருந்து. அன்று அங்கேயும் சாலமன் காமிராவுடன் நிற்கிறார். அமைச்சர் அரிஸ்தித் பிரியான் அவரைக் கண்டுகொண்டு, இதோ வந்துவிட்டார் அடக்கமற்றவர்களின் அரசர் என்ற பொருள்படக் கூவி, விரலை நீட்டிச் சிரிக்கிறார். அந்தக் கணத்தையும் சாலமன் படமாக்கிவிட்டார். பார்க்கப்பட்டவர் பார்த்தவரை நோக்கிச் சினமின்றிச் சிரிக்கின்ற அப்படமே, அவருடைய பணிக்குக் கிடைத்த நற்சான்று என்று நாம் கருதுகிறோம்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். பெர்லினில் யூதருக்கு இனி இடமில்லை என்றாயிற்று. சாலமன் தம் மனைவியின் தாய்நாடாகிய நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, ஹேக் நகரில் தங்கி, அந்நாட்டு நாடாளுமன்றத்தையும் படமெடுத்து வந்தார். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை அந்நாட்டையும் பிடித்தது. எந்த அவையிலும் தடையின்றி நுழைந்தவர், 1943-இல் பிறர் கண்ணில் படாமல் மறைந்து வாழ வேண்டியவரானார்.

அவர் பிடிபட்ட விதத்தைப் பற்றி ஒரு செய்தி கூறப்படுகிறது. எரிவாயு அளவியைக் கணக்கெடுக்க வந்த ஒருவன், அவ்வீட்டில் வழக்கத்துக்கு மேல் எரிவாயு செலவாவதைக் கண்டான். கூடுதல் ஆட்கள் ஒளிந்திருக்கின்றனர் என்று ஊகித்தான், காட்டிக்கொடுத்தான். சாலமனும், அவர் மனைவியும், இளைய மகனும் கைதாகி, தெரேசியன்ஷ்டட் முகாமுக்கும் பின்னர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். 1944 ஜூலை 7 அன்று சாலமன் அங்கே மாண்டார் என்று ஏடுகள் கூறுகின்றன. மனைவியும் மகனும் திரும்பவில்லை.

அன்பு வாசகர்களே, இவ்விரண்டு பார்வைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் உலகின் பெருந்தலைவர்களை அவர்கள் அறியாத வேளையில் பார்த்தார். அவர்களுள் யாருக்கும் ஒரு மயிரிழை தீங்கும் நேரவில்லை. மற்றவன் மனித முகம் எதையும் பார்க்கவில்லை. ஓர் அளவியில் சில எண்களை மட்டுமே பார்த்தான். ஒரு குடும்பம் அழிந்தது. கூர்மையான கண் இருவருக்கும் இருந்தது. கண்டதை எதற்குப் பயன்படுத்துவது என்பதிலேதான் இருவரும் வேறுபட்டனர்.

சாலமனின் நெகட்டிவ் தகடுகளுள் சில நெதர்லாந்து நாடாளுமன்ற நூலகத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. வேறு சில மண்ணில் புதைக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் இருந்தமையால் உயிர் தப்பிய மூத்த மகன், போருக்குப் பின் அவற்றைத் தேடித் திரட்டினார். புதைந்தவற்றுள் சில ஈரத்தால் கெட்டிருந்தன. எஞ்சியவை இன்று பெர்லின் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. 1971 முதல் ஜெர்மானிய நிழற்படக் கழகம் அவர் பெயரால் பரிசு வழங்கி வருகிறது. அவரைத் துரத்திய நகரமே இன்று அவர் கண்டவற்றைக் காத்து வருகிறது.

எர்மனாக்ஸ் காமிராவைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த காமிரா இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. கூட்டம் எதுவாயினும் பத்துக் கைகள் உயர்கின்றன. மேடையில் கொட்டாவி விடும் தலைவர், சொல் தடுமாறும் பேச்சாளர், மூலையில் உறங்கிவிட்ட முதியவர், விருந்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் ஏழை – அனைவரும் படமாகி, அன்று மாலைக்குள் ஆயிரம் பேர் சிரிப்புக்கு ஆளாகின்றனர். படமெடுத்தவருக்கு அது ஒரு நிமிட மகிழ்ச்சி. படத்தில் இருப்பவருக்கோ அது பல நாள் தலைகுனிவு. சாலமன் ஒரு தகட்டுக்காக இரவெல்லாம் காத்திருந்தார். நமக்கோ யோசிக்க ஒரு நொடியும் இருப்பதில்லை.

ஆகவே, இனி ஒரு கூட்டத்தில் காமிராவை உயர்த்துமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இப்படத்தை இம்மனிதரே நாளை காண நேர்ந்தால், பிரியானைப் போல் நம்மை நோக்கி விரல் நீட்டிச் சிரிப்பாரா, அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? முன்னது எனில் தயங்காமல் எடுப்போம். பின்னது எனில் காமிராவைத் தாழ்த்திவிட்டு, இயலுமானால் எழுந்து சென்று, உறங்குகிற அம்முதியவரின் தலைக்கு ஒரு துணையணை வைப்போம்.