இடைவெளி விட்டால் எல்லாம் முடிந்ததா?

"ஆறு மாதம் நீந்தாவிட்டால் அவ்வளவுதான், பிள்ளையை வேறு விளையாட்டில் சேருங்கள்" என்கிறார்கள். இதைப் பெங்களூரில் இருந்துகொண்டே சொல்வதுதான் வேதனை.

2020 மார்ச்சில் கொரோனாவால் நீச்சல் குளங்கள் மூடப்பட்டன. வீரர்களின் பயிற்சிக்காக அவற்றைத் திறக்க மத்திய அரசு அனுமதித்ததே அக்டோபர் 15 முதல்தான். இந்த ஊர்ப் பையன், நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜும் கரையில்தான் காத்திருந்தார். 2019இல் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 54.69 விநாடி எடுத்தவர், 2021 ஜூனில் ரோமில் 53.77இல் நீந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரடியாக இடம்பெறுவதற்கான 'ஏ' தகுதி அளவு 53.85.

இழப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. சில வாரங்களிலேயே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு குறையும். மூச்சு சீக்கிரம் வாங்கும். தண்ணீரைப் பிடிக்கும் நேரத்தில் முழங்கை தாழ்ந்து, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கற்ற நீச்சல் போகாது. மூச்சுத்திறன் முதலில் திரும்பும், தோள்பட்டைத் தசைநாண்கள் தாமதமாகத்தான் பழகும். மூச்சு திரும்பிவிட்டதே என்று அவசரப்படும்போதுதான் பலர் காயப்படுகிறார்கள்.

பெற்றோரே, முதல் மாதம் ஸ்டாப்வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் குளத்துக்கு அனுப்புங்கள்.