எஞ்சின் கவருக்கு ஒரு தகடு: சேர்மார் செய்யக்கூடாத வேலையா?

ட்ரெய்ல் பைக் வைத்திருக்கும் தம்பிமாருக்கும் சேர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்.ஈ.டி. லைட், ஸ்டிக்கர் எல்லாம் பிறகு போடலாம். முதலில் எஞ்சினின் இரண்டு பக்கக் கவருக்கும் ஒரு தகடு போடுங்கள். அதற்காக வெல்டிங் கடைக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் நீங்களே செய்யலாம், நீங்களே செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

நம்ம பகுதியில் ஓடுகிற பஜா, ஜெபல், செரோ எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. பலதுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தோம். இன்றைக்கும் ஒரு கிளட்ச் கவர் உடைந்தால் புதியது லேசில் கிடைக்காது. கழற்றிய பைக் ஒன்றிலிருந்து யாராவது எடுத்துத் தர வேண்டும், அதுவும் அவர் கேட்கிற சல்லிக்கு.

வேகமாகப் போய் விழுந்தால்தான் கவர் உடையும் என்று நினைக்க வேண்டாம். என்னோடு படிப்பிக்கிற ஒரு சேர், மழை பெய்த மறுநாள் கிறவல் பாதையில், நடக்கிற வேகத்தில் இடப்பக்கம் சரிந்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை. கியர் லீவர் உள்ளே மடிந்து மெக்னட் கவரில் குத்தி, சின்னதாக ஒரு வெடிப்பு. பெல் அடிக்க முதல் போய்ச் சேர வேண்டுமே என்று பைக்கை நிமிர்த்தி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனார். இந்த எஞ்சின்களில் இருப்பதே ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் ஒயில். பாடசாலைக்கு இரண்டு கட்டை இருக்கும்போது எஞ்சின் இறுகிவிட்டது. அந்த வருடம் முடியும்வரை அவர் பஸ்ஸில்தான் வந்தார். அந்தப் பாதையில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவர்களுக்கு, முதலாம் பாடவேளையில் அவருடைய வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும்.

கவர் மெல்லிய வார்ப்பு அலுமினியம். நெளிந்து கொடுக்காது, வெடித்துவிடும். இதற்குப் பலர் செய்கிற வேலை, தடித்த இரும்புப் பைப்பில் கார்ட் அடித்து எஞ்சின் போல்ட்டிலேயே பூட்டுவது. பார்க்க நல்ல பலமாக இருக்கும். விழுந்தால் அந்த அடி முழுவதும் போல்ட் வழியாக எஞ்சினின் காதுக்குப் போகும். கவர் தப்பி, காது வெடித்தால் செலவு இன்னும் கூட. இரும்புத் தகட்டை நேரே அலுமினியத்தில் ஒட்டினால், கடற்கரை ஊர்களில் உப்பும் சேறும் இடையில் புகுந்து வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பி.வி.சி. பைப்பைச் சூடாக்கி வளைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பி.வி.சி. 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் மணல் பாதையில் இழுக்கிற எஞ்சினின் ஒயில் 100ஐத் தாண்டும்.

தகடு எஞ்சினை விட மென்மையாக இருக்க வேண்டும். அடியைத் தான் வாங்கி நெளிய வேண்டும். 3 மில்லிமீற்றர் அலுமினியம் போதும். பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கலாம், அல்லது ஓட்டை விழுந்த பெரிய சட்டியின் அடியை வெட்டலாம் (உம்மாவிடம் கேட்டுவிட்டு). வீதிப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து யாராவது நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். அந்த வளைவில் இரவில் வருகிறவன் நம்ம பிள்ளையாக இருக்கலாம்.

முதலில் பிள்ளைகள் விளையாடுகிற களியைக் கவரில் அப்பி, கியர் லீவரையும் பிரேக் பெடலையும் முழுதாக அமுக்கிப் பாருங்கள். மிஞ்சி நிற்கும் களியின் தடிப்புத்தான் உங்களுக்கு இருக்கிற இடம். பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையில் வடிவம் வெட்டுங்கள். ஒயில் பார்க்கும் கண்ணாடி, பில்டர் மூடி, போல்ட் தலைகள் மூடுப்படக்கூடாது. அட்டை நாலைந்து தரம் பிழைக்கும், பிழைக்கட்டும், அட்டைதானே. அதை வைத்துத் தகட்டை வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள்.

வளைக்க முன்னர் தகட்டில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்து, கேஸ் நெருப்பில் மெதுவாகச் சூடாக்குங்கள். சவர்க்காரம் கறுத்ததும் நிறுத்திவிட வேண்டும். இரும்பைப் போல அலுமினியம் சிவந்து காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகிவிடும். ஆறியதும் மணல் மூட்டையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டினால் சொன்னபடி வளையும். கவரைத் தின்னரால் நன்றாகத் துடைத்து, சூடு தாங்கும் சிலிகோனை மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் இட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அந்தச் சிலிகோனும் அதிர்வை வாங்கும். கீழ் ஓரத்தைத் திறந்து விடுங்கள், சேறு வடிய வேண்டும். நெளிந்தால் கத்தியால் கிளப்பி எடுத்துவிட்டு அடுத்ததை ஒட்டலாம்.

பெரிய கல்லில் மோதினால் இது காப்பாற்றாது. அதற்கு ஒரு எபொக்சி பக்கெட்டும் கொஞ்சம் ஒயிலும் பேக்கில் இருக்கட்டும்.

இதை நான் முற்றத்தில் இருந்து செய்தபோது வழியால் போனவர் ஒருவர் “சேர், இது பாஸ்மாருடைய வேலையல்லவா?” என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குக் கவலை அங்கேதான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. இன்னும் நம்ம வீடுகளில் அது வேறு பிரிவு கிடைக்காத பிள்ளைக்கு. கையில் ஒயில் பட்டால் படிப்பு குறைந்துவிடும் என்ற மாதிரி. அட்டையில் அளந்து வெட்டுவது கணிதம், சவர்க்காரம் கறுப்பதைப் பார்த்து நிறுத்துவது விஞ்ஞானம். தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேர் அன்று பக்கத்தில் இருந்தார்கள். களி வைத்து அளக்கலாம் என்று சொன்னது அவர்களில் ஒருவன்தான்.

செரோவுக்கு வெட்டிய அட்டை என்னிடம் இருக்கிறது. தேவையானவர்கள் கேளுங்கள், கோடு கீறித் தருகிறேன். பஜாவுக்கோ ஜெபலுக்கோ யாராவது வெட்டியிருந்தால் கமெண்டில் படத்தைப் போடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையும் வைத்து எடுங்கள்.