மினியோவைப் பொதுவில் விடுங்கள்

மினியோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஆனந்த் பாபு பெரியசாமி அவர்களுக்கு,

சிதம்பரத்தில் படித்துவிட்டுப் போன நீங்கள் உருவாக்கிய குளஸ்டர் (Gluster) என்ற சேமிப்பு மென்பொருள் நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹாட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியபோது, கட்டற்ற மென்பொருளை நம்பியிருந்த எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு வந்த மினியோ அதைவிடப் பெரிதாகப் பரவியது. ஒரே ஒரு கோப்பை இறக்கி ஒரு கட்டளை கொடுத்தாலே போதுமாக இருந்தது, மூலையில் கிடக்கும் பழைய கணினிகூட அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை செய்யும் வேலையைச் செய்தது. நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வெளியே அனுப்ப மனமில்லாத மருத்துவமனைக்கும், மாதாமாதம் டாலர் கணக்கில் பில் கட்டித் திணறும் சிறு நிறுவனத்துக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது!

ஆனால் 2025 மே மாதப் பதிப்புக்கு மாறியவர்கள் மினியோவின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், பயனர்களைச் சேர்க்கும் இடத்தைக் காணோம். அனுமதி விதிகளை எழுதும் இடத்தையும் காணோம். கோப்புகளை வைக்கும் பக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்க்கலாம், கோப்பை ஏற்றலாம், இறக்கலாம். மற்றதற்கெல்லாம் கட்டளை வரி, இல்லாவிட்டால் கட்டணப் பதிப்பு. அக்டோபரில் நடந்தது இதைவிட மோசம். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துப் புதிய பதிப்பு விட்டீர்கள். ஆனால் மூலநிரல் மட்டும்தான், அப்படியே இறக்கி ஓட்டக்கூடிய டாக்கர் இமேஜ் கிடையாது. வழக்கம்போல ‘லேட்டஸ்ட்’ என்று கேட்ட சர்வர்களுக்கு ஓட்டையோடு இருந்த செப்டம்பர் பதிப்புதான் வந்து சேர்ந்தது. டிசம்பரில், இனி பராமரிப்பு மட்டுமே என்று அறிவித்துவிட்டீர்கள்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2022-இல் நியூட்டானிக்ஸ் நிறுவனத்தின் மீதும், மறு ஆண்டு வெக்கா நிறுவனத்தின் மீதும் உரிம மீறல் புகார் சொன்னீர்கள். உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரைக்கூடச் சொல்லாதவர்கள் மீது கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு, பொறியாளர் படையும் உண்டு. அடி விழுந்தது தனி ஆளாக ஒரு சர்வரைக் காத்துக்கொண்டிருக்கும் சிஸ்டம் அட்மின் மேல். நிரல் இருக்கிறது, நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்பது சட்டப்படி சரிதான். இந்தியக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்க நாட்களில் உடன் நின்ற நீங்கள் சட்டத்தோடு நின்றுவிடக் கூடாது.

சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் யார் தயவும் வேண்டாம் என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம். அது பாதிதான் உண்மை. நிரலைத் திருத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்கினால், எங்கள் அறையில் ஓடும் சர்வரின் எதிர்காலம் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது. வேறு வழியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் உரிமத்தை மாற்றியது. அதே மாதத்தில், அதன் பழைய நிரலிலிருந்து வால்கி என்ற கிளை லினக்ஸ் பவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கீழ் பிறந்தது. அதன் பின்னாலும் அமேசான், கூகுள் போன்ற பெரிய முதலாளிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் தனியாக முடிவெடுத்துக் கதவைச் சாத்திவிட முடியாது.

உங்கள் கட்டணப் பதிப்பான ஏஐஸ்டோரை விற்றுச் சம்பாதியுங்கள். மினியோ என்ற பெயரையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சமூகப் பதிப்பின் நிரலை மட்டும் லினக்ஸ் பவுண்டேஷன் போன்ற ஒரு பொது அமைப்பிடம் முறையாக ஒப்படையுங்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம். அதற்கு முன்னால், அக்டோபர் திருத்தத்தோடு ஒரே ஒரு இமேஜைக் கட்டி ‘லேட்டஸ்ட்’ இடத்தில் ஏற்றிவிடுங்கள். அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருளை நம்பும் ஒருவர்