எடை குறையாவிட்டாலும் நடக்கலாம்

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரிய காரியம். ஆனால், மாத்திரை தேவைப்படும் நாளைத் தள்ளிப்போட அதைவிட மலிவான வழி உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. அன்றாடம் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் அறிவுறுத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் இவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு முள் அசையவில்லையே என்று நடையைக் கைவிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று இதே மாவட்டத்தின் பேரிகைப் பக்கம் கேட்பார்கள். ஒரே இடத்தில் நிற்பதில் கால் கடுக்குமே தவிர, மூச்சு வாங்குவதில்லை. வேகமாக நடக்கும்போது இயங்கும் தொடைத் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நேரம் இல்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வருபவரிடம் விடிகாலை நடையைக் கேட்பது கொடுமை. லாரிகள் விரையும் சாலையோரத்தில் நடக்கவும் முடியாது. ஆகவே சாப்பாட்டு இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டி, வளாகத்துக்குள்ளேயே நடக்க நிர்வாகங்கள் வழிவிட வேண்டும். ஊருக்குள் விளக்கு எரியும் நடைபாதையை ஊராட்சி போட்டுத் தர வேண்டும்.