கம்பம் கிடைத்துவிட்டது, பெட்டியை எங்கே மாட்டுவது?

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளைப் பற்றி இந்த இதழ் ஏன் வாய் திறக்கவில்லை என்று சந்தாதாரர்கள் சிலர் கேட்டார்கள். விதியைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். அது தளத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு மழைக்காலமாவது வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தோம்.

விதிகள் நமக்குச் சாதகம்தான், மறுக்கவில்லை. தெருவிளக்குக் கம்பத்துக்கு நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று 2022 திருத்தம் கட்டணம் வைத்தபோதே நம்மில் பலர் கைதட்டினோம். இப்போது கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். மொட்டைமாடிக்காக வீட்டுக்காரரிடம் வருடாவருடம் வாடகைப் பேச்சு நடத்திய சிறு ஐஎஸ்பிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

சிக்கல் ரேடியோவில் இல்லை, அதற்குச் சோறு போடும் பெட்டியில் இருக்கிறது. கம்பத்துக்கு அனுமதி வாங்கப் போகும் இடத்தில் பேச்சு முழுக்க ஆன்டெனாவோடு முடிந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ், எல்விடி, பேட்டரி எல்லாம் எங்கே நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நடைபாதையில் ஒன்றரை அடி பீடம் கட்ட வேண்டும் என்று வாயெடுத்தால் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும் என்று நமக்குத் தெரியும். ஆகவே பெட்டி கம்பத்தில் ஏறுகிறது.

ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மற்ற குணகங்களை விட்டுவிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஓரடி டிஷ் வாங்கும் விசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமம். 600க்கு 800 மி.மீ. பெட்டியின் முகம் வாங்குவது 73 கிலோ. இருபது அடி உயரத்தில், விளக்கு மாட்டுவதற்காக நட்ட கம்பத்தில், இரண்டு யூ-கிளாம்ப்பை நம்பி இதைத் தொங்கவிடுகிறோம். ஆன்டெனாவுக்குக் காற்றுச்சுமை சான்றிதழ் கேட்கும் பொறியாளர் பெட்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

சுவரில் மாட்டுவதாக இருந்தால் மேற்குச் சுவர் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் விஆர்எல்ஏ பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பதைச் சித்திரை வெயிலில் பெட்டிக் கதவைத் தொட்டுப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் அடிப்பதை நிறுத்துங்கள். காற்றுப் போகாத ஐபி65 பெட்டிக்குள் விஆர்எல்ஏவை வைத்துப் பூட்டுவதையும் நிறுத்துங்கள். இரண்டு ரேடியோ, ஒரு ஸ்விட்ச் மட்டும் உள்ள சின்னத் தளத்துக்கு டின் ரெயில் போதும். 19 அங்குல ரேக், ஹெட்ரூமுக்குள் உட்சுவர் கிடைத்தால் மட்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அலுத்துப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் 100 ஏஹெச் விஆர்எல்ஏ ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. 48 வோல்ட்டுக்கு நான்கு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினாலும் அதே திறனுள்ள ஒரே பொதி 40 கிலோவைத் தாண்டும். இதை ஒரு பையன் ஏணியில் நின்று, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி, மறு கையால் பெட்டிக்குள் தள்ளுகிறான். அதற்கென்று ஒரு முறை இருப்பதாக யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கஜா புயல் அடித்த நான்காம் நாள் டெல்டாப் பக்கம் ஒரு தளத்துக்குப் போயிருந்தேன். மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. திருட்டுக்குப் பயந்து பேட்டரியைப் பதினைந்தடி உயரத்தில் வைத்திருந்தார்கள். மாற்றப் போன இளைஞர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை. அவர் விழவில்லை. பேட்டரி விழுந்தது, கீழே ஆள் இல்லை. அன்று மாலை நெட் வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

அந்த இளைஞரை எந்த விதி பார்க்கிறது? கம்பத்துக்கு விலை வைத்தவர்கள் அதில் ஏறுகிறவனைப் பற்றி ஒரு வரி யோசித்தார்களா? தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் பொதுவாக அதன் எல்லைக்குள் வருவதில்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் நான்கைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். நடைபாதையில் பெட்டி வந்தால் பாதசாரிக்கு இடைஞ்சல் என்று விரட்டும் அதே அலுவலகம், கொடிக்கம்பத்துக்கும் ஃப்ளெக்ஸ் சட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொள்கிறது. பெட்டியை மேலே அனுப்பியது நம் சோம்பல் மட்டுமல்ல. கீழே இடம் தராதவர்களுக்கும் அதில் பங்குண்டு. இதை எழுதிக் கேட்டால் வருகிற பதில், “பரிசீலனையில் உள்ளது.”

வெள்ளத்தைக் காட்டி எதிர்க்கேள்வி வரும். 2015இலும் 2023இலும் வேளச்சேரியைப் பார்த்தவர்கள் பேட்டரியைத் தரையில் வைக்கச் சொல்வார்களா? நானும் சொல்லவில்லை. பெட்டியின் அடித்தட்டு நாலடியில் இருக்கட்டும், கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டுங்கள். நிற்கிற மனிதனின் நெஞ்சுக்கு மேல் பேட்டரி போகக் கூடாது. நாலடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவென்றால் அங்கே கம்பம் வேண்டாம். படி ஏறிப் போகக்கூடிய மொட்டைமாடிக்கே திரும்புங்கள், வாடகை போனால் போகட்டும். மேலே ரேடியோ மட்டும். 24 வோல்ட் பாசிவ் பிஓஇ முப்பது மீட்டரில் ஒரு ஆம்பியருக்கு இரண்டரை வோல்ட் இழக்கும் என்பது உண்மை. அதற்கு 48 வோல்ட்டுக்கு மாறுங்கள், பேட்டரியை மேலே தூக்காதீர்கள்.

அடுத்த இதழ் முதல் தள அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கும்: பேட்டரி தரையிலிருந்து எத்தனை அடி. அது காலியாக வரும் அறிக்கைகளை வெளியிட மாட்டோம்.