நாவா, பெயர்ச்சீட்டா? – வீட்டு மேசையில் வைன் சுவைப்போர் குறித்து

வைனின் தரத்தைத் தீர்மானிக்கும் உரிமை பயிற்சி பெற்ற நிபுணருக்கே உரியது என்றும், வேலை முடிந்து வீடு திரும்பிச் சமையலறை மேசையிலே ஒரு போத்தலைத் திறந்து, சுவைத்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர் வெறும் பொழுதுபோக்காளரே என்றும் மேனாடுகளிலே ஒரு கருத்து நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அங்காடியில் மலிவாக வாங்கிய நாளாந்த வைனையும், எங்கோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்த வழக்கத்துக்கு மாறான வைனையும் ஒரே மேசையில் வைத்து ஒப்புநோக்கும் அவரது துணிவு நிபுணர்க்கு நகைப்பைத் தருகின்றது. அந்நகைப்புக்கு ஆதாரம் உண்டா? வைன் அதிகம் அருந்தப்படாத சமூகத்தினருங்கூட இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. ஒரு பொருளை நுகர்வோர் அதுபற்றித் தாமே தீர்ப்புக் கூறலாமா, அன்றித் தீர்ப்பையும் பொருளோடு சேர்த்து விலைக்கு வாங்க வேண்டுமா என்பதே இதன் உட்கிடை.

நிபுணத்துவத்தின் வரலாற்றை முதலில் நோக்குவோர் வியப்படைவர். 1855 ஆம் ஆண்டு பரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளுக்கிணங்க, போர்தோப் பகுதியின் சிவப்பு வைன்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. வகுத்தவர்கள் அந்நகரத்து வைன் தரகர்கள். அவர்கள் கைக்கொண்ட அளவுகோல் சந்தையிலே பல்லாண்டுகளாக நிலவிய விலை. எது கூடிய விலைக்கு விற்றதோ அது முதற்றரமாயிற்று. தரகர்கள் தம் தொழிலைச் செய்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பின்வந்தோரே அவ்விலைப்பட்டியலைச் சுவைப்பட்டியலாக வாசிக்கத் தலைப்பட்டனர். 1973 இல் மூத்தோன் ரொத்ஷில்ட் இரண்டாந் தரத்திலிருந்து முதற்றரத்துக்கு உயர்த்தப்பட்டமை தவிர, அதிலே பின்னர் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழவில்லை.

அவ்வாறு உயர்த்தப்பட்டு மூன்று ஆண்டுகளே சென்றிருந்தன. 1976 மே 24 ஆம் திகதி, ஆங்கில வைன் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பரிசிலே ஒழுங்கு செய்த சுவைப்பிலே ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எது எவ்வைன் என்பதை அறியாது, புள்ளியிட்டனர். வெள்ளை வைனிலும் சிவப்பு வைனிலும் முதலிடம் கலிபோர்ணியாவுக்குச் சென்றது. சிவப்பில் பின்தள்ளப்பட்டவற்றுள் மூத்தோனும் ஒன்று. பெயர்ச்சீட்டை நீக்கியவுடன் நூற்றாண்டு காலத் தரவரிசை ஒரு பிற்பகலிலே நிலைகுலைந்தது.

ஆய்வுகூடத்துச் சான்றுகள் இதனினும் கடியன. போர்தோவிலே வைனியல் பயின்ற 54 மாணவர்க்கு ஒரு வெள்ளை வைனும், மணமற்ற சாயத்தாற் சிவப்பாக்கப்பட்ட அதே வெள்ளை வைனும் வழங்கப்பட்டன. சாயமிட்டதை விவரிக்க அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களையே பெரிதும் எடுத்தாண்டனர். மொரோ, புரோஷே, துபூர்தியூ ஆகியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வு இது. அம்மாணவர் மூடரல்லர், கண் கூறியதை மூக்கு நம்பிற்று, அவ்வளவே. கலிபோர்ணிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களை ஆராய்ந்த ரொபர்ட் ஹொட்ஜ்சன் 2008 இல் வெளியிட்ட முடிவோ நகைப்பைத் திசை திருப்பிவிடுகின்றது. ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய வைனை, ஒரே வரிசையில் மும்முறை வைத்தபோது, அதற்கு ஏறக்குறைய ஒரே மதிப்பை வழங்கியோர் பத்தில் ஒருவர் மாத்திரமே.

அரிய பழைய வைன்களைப் போலியாகத் தயாரித்து விற்ற ரூடி குர்னியவான் 2013 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2014 இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் தொழில் நடத்திய இடமும் ஒரு வீடுதான் என்பது இடைக்குறிப்பு. செல்வர்களும் அறிஞர்களும் அவ்வைனைப் பருகிப் பாராட்டினர். வழக்குக்கு வழிவகுத்த ஐயமோ நாவிலே தோன்றவில்லை. பர்கண்டியின் பொன்சோ குடும்பத்தார் 1980களுக்கு முன் தயாரித்திராத ஒரு வைனுக்கு 1945 என ஆண்டு குறித்த போத்தல் 2008 இல் ஏலத்துக்கு வந்தமையே அது. பெயர்ச்சீட்டினால் ஏமாந்தோரைப் பெயர்ச்சீட்டே காப்பாற்றிற்று!

இவற்றைக் கொண்டு பயிற்சியே வீண் எனச் சாதித்தல் பொருந்தாது. 2008 இல் வெளியான வேறோர் ஆய்வு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைசுவைப்புகளைத் தொகுத்து, பயிற்சியற்றோர் விலையுயர்ந்த வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்றும், பயிற்சி பெற்றோரிடம் அப்போக்குக் காணப்படவில்லை என்றும் காட்டிற்று. பயிற்சி நாவை மாற்றுகின்றது. ஆனால் பயிற்சி சான்றிதழோடு மட்டும் வருவதன்று. போத்தலைக் கடதாசிப் பையில் இட்டுப் பிறரைக் கொண்டு ஊற்றுவிப்பவர், முதல் நாள் எழுதியதை மூன்றாம் நாள் எஞ்சிய வைனோடு ஒப்பிடுபவர், தக்கை கெட்ட போத்தலின் ஈரக் கடதாசி நெடியை ஒருமுறை உணர்ந்து என்றும் மறவாதவர் பயிற்சியிலேயே இருக்கின்றார். அவருக்கு நிபுணர்க்கில்லாத வாய்ப்பும் உண்டு. போட்டி நடுவர் ஒரு காலைப்பொழுதிலே எண்ணற்ற வைன்களை ஒவ்வொரு வாயாகச் சுவைத்து உமிழ்கின்றார். அங்கே உரத்துப் பேசும் வைன் வெல்கின்றது. வீட்டில் உள்ளவரோ சோற்றோடும் இறைச்சியோடும், ஒரு முழு மாலைப்பொழுது அதனோடு இருக்கின்றார். வைன் செய்யப்படுவது இந்த இரண்டாவது நிலைமைக்கே.

எனினும் வீட்டுச் சுவைஞரும் கண்டனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். நூற்றுக்கு இத்தனை என வைனுக்குப் புள்ளியிடும் வழக்கத்தைப் பரப்பிய ரொபர்ட் பார்க்கர் ஒரு சட்டத்தரணி. 1978 இல் வைன் செய்திமடலைத் தொடங்கியபோது அவரும் ஆர்வலரே. விலைக்கு எதிராக எழுந்த அந்த எண் சில ஆண்டுகளில் விலையைத் தீர்மானிக்கும் எண்ணாயிற்று. இன்றைய ஆர்வலரைத் தொற்றும் நோய் வேறு: அரியதே உயர்ந்தது என்ற மயக்கம். பிரான்சின் ஜூராப் பகுதியில், பீப்பாயினுள் நொதிப்படலத்தின் கீழ் ஆறாண்டுக்கு மேல் கிடக்கும் மஞ்சள் வைனைப் போற்றிவிட்டு, அங்காடி வைனை முகர்ந்தும் பாராதவர், 1855 இன் தரகரிடமிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றார்? தரகருக்கு விலை; இவருக்கு அருமை. நாவு இரண்டிடத்தும் வேலையற்றிருக்கின்றது.

அருமை என்பதும் இடத்தைப் பொறுத்ததே. பைன் பிசினின் மணம் கமழும் ரெட்சினா இலண்டனிலே விந்தை. கிரேக்க உணவகத்திலே அன்றாடம். மண்ணிற் புதைத்த பெருஞ்சாடிகளிலே, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு நொதிக்கவிட்டுப் பொன்னிற வைன் செய்யும் ஜோர்ஜிய முறையை 2013 இல் யுனெஸ்கோ மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மேனாட்டு ஆர்வலர் அதனைத் தேடி வாங்கி, நீண்ட குறிப்பு எழுதுகின்றார். காக்கேத்தி மாகாணத்துக் குடியானவரோ, தம் வீட்டுச் சாடியிலிருந்து அதனை முகந்து, பெயர்ச்சீட்டேதுமில்லாத கூசாவில் ஊற்றி, விருந்தினர் முன் வைக்கின்றார்.